அமெரிக்க மெஷினில் ஓர் ஈயச் சொம்பு

முதல் முறையாக ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவன் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். உதவி செய்யக் கூடாது. குறிப்பாக, சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் எனக்கு உதவி செய்கிற வியாதி முற்றிப்போயிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவரின் பையை, அவர் கேட்காமலேயே பிடுங்கி மடியில் வைத்துக்கொள்வேன். (ஒருவர் கண்டக்டரிடம் புகார் செய்திருக்கிறார்.)

அப்போது எனக்கும் வித்யாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். காதல் என்று எங்களுக்குள் ஒப்புக்கொள்ளவே ரொம்ப நாள் பிடித்தது. பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவள் வீட்டில் சொன்னாள். அவர்கள் 'யோசிக்கிறோம்' என்றார்கள். அந்த யோசனை ஒரு மழைக்காலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் ராயப்பேட்டை, அவள் மயிலாப்பூர். நடந்தே போய்விடலாம். ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்தால் நடுவில் இருப்பது வெறும் இரண்டு பஸ் ஸ்டாப் இல்லை என்று எனக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் வெங்காயத்துக்கே கிழமை பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாசனை வரவில்லை என்றால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பேசிவிட்டு, சாயங்காலத்துக்குள் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. எனக்கு அப்பா இல்லை. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்முகத் தேர்வுக்குப் போகிற மாதிரி இரண்டு பேரும் சட்டை, புடவை எல்லாம் முதல் நாளே எடுத்துவைத்தோம்.

வித்யா எனக்கு ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னாள். "எங்கப்பாவோட மெஷினை மட்டும் நன்னா இருக்குன்னு சொல்லிடு. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வித்யாவின் அப்பா வரதராஜன் சார் ஓய்வு பெற்ற இன்ஜினியர். இளமையில் சில வருஷம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தக் காலத்தில் அங்கிருந்து திரும்பியவர்கள் கலர் டிவி கொண்டுவந்தார்கள், டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். இவர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது பாத்திரம் கழுவும் மெஷின். இடுப்பளவு உயரம், பாதாம் நிறம், அடியில் சக்கரம், சமையலறைக் குழாயில் மாட்டுவதற்கு ஒரு ரப்பர் ஹோஸ். அந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது என்பதால் இங்கே ஓடுவதற்கு அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டது. அது தனியாக ஓர் இரும்புப் பெட்டியில், சமையலறை மூலையில் உட்கார்ந்து 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும். வித்யாவுக்குத் தாலாட்டே அந்த முனகல்தானாம்.

மெஷினுக்கு வயது வித்யாவைவிட அதிகம். இத்தனை வருஷமாகத் தினமும் ஓடுகிறது, தட்டில் ஒரு புள்ளி தங்கியதில்லை என்பது வரதராஜன் சாரின் பெருமை. உறவினர்கள் வந்தால் ஆல்பம் காட்டுவதற்குப் பதிலாக அவர் தட்டைக் காட்டுவார்.

நான் ஒரு வாரம் படித்தேன். செல்போனில் பழைய பாத்திரம் கழுவும் மெஷின்களைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். (அலுவலக நேரத்தில்தான். கம்பெனி மன்னிக்கட்டும்.) அதில் எனக்கு நன்றாகப் பதிந்தது ஒரே விஷயம்: சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே உள்ளே வைக்க வேண்டும். கழுவி வைப்பது மெஷினுக்கு அவமானம். தண்ணீரும் வீண். இதைச் சரியான சமயத்தில் எடுத்துவிட்டால் வரதராஜன் சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அம்மா கேட்டது வேறு.

"பாத்திரம் தேய்க்க மிசினு. சரி. அந்நேரத்துக்கு அவங்க கை இன்னா பண்ணிக்கினு இருக்கும்?"

நான் அடுத்த வீடியோவைத் திறந்தேன்.

அவர்கள் வீடு கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். வரதராஜன் சார் என்னை "வாங்கோ மிஸ்டர் சேகர்" என்று வரவேற்றார். அப்போதிருந்து நான் மிஸ்டர் சேகர்தான். வித்யாவின் அம்மா கமலா மாமி எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். முகத்தில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. முடிவு சொல்லப்போகிறவர் அவர்தான் என்பது வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் வாழை இலை இல்லை. பெரிய பெரிய வெள்ளைப் பீங்கான் தட்டுகள். இப்படிப்பட்ட நாளில் இலை போடாமல் தட்டு வைக்கிறார்களே, இது வேண்டாம் என்பதற்கு மயிலாப்பூர்ப் பக்கத்து சமிக்ஞையோ என்று வித்யாவைப் பார்த்தேன். வித்யா சாம்பார் பரிமாறுகிற சாக்கில் குனிந்து விளக்கினாள். மாமி இலைதான் வாங்கி வைத்திருந்தாராம். வாழை இலையை மெஷினில் போட்டுக் காட்ட முடியாது என்று சார் ஒற்றைக்காலில் நின்று தட்டு வைக்கச் சொல்லிவிட்டாராம்.

சாப்பாட்டைப் பற்றி நான் கேலி பேச மாட்டேன். பருப்பு உசிலி, உருளைக்கிழங்கு வறுவல், சாம்பார், பாயசம். எல்லாவற்றுக்கும் மேல் அந்த ரசம். மூன்று தரம் வாங்கிக் குடித்தேன். நடிப்பு இல்லை. கையைக் குவித்து வாங்கிக் குடித்தவனைப் பார்த்து மாமி முதல் முறையாகச் சிரித்தார். ஈயச் சொம்பில் வைத்த ரசம் என்றார். தன் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த சொம்பு, அன்றிலிருந்து இந்த வீட்டில் ரசம் என்றால் அதில்தான் என்றும் சொன்னார். எனக்குச் சொம்பைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமி சிரித்தார் என்பதுதான். பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

மீதிப் பாதிக்காகத்தான் சமையலறைக்குப் போனேன்.

சாப்பிட்டு முடித்ததும் மாமி என் அம்மாவை ஹாலுக்கு அழைத்துப்போய் வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்தார். வரதராஜன் சார் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, பால்கனியில் காற்று வாங்கப் போனார். தட்டுகள் மேஜையில் கிடந்தன. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வேலையை முடித்துவைத்தால் எப்படி இருக்கும். ஒரே கல்லில் மாமிக்கு உதவி, சாருக்கு மரியாதை. சத்தமில்லாமல் எழுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனேன்.

மெஷினின் கதவைத் திறந்ததும் எனக்கே ஒரு பக்தி வந்தது. உள்ளே அவ்வளவு சுத்தம். இத்தனை வருஷம் எச்சில் தட்டு கழுவிய இடம் மாதிரியே இல்லை. (அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.) சோறும் சாம்பாரும் ஒட்டிய தட்டுகளை அப்படியே வரிசையாக நிறுத்தினேன். பாயசக் கிண்ணங்கள், உசிலி வாணலி, அடி பிடித்த பாயச உருளி எல்லாம் ஏறின. கடைசியில் ரசச் சொம்பு. அது எந்த அடுக்கிலும் நிற்கவில்லை. கீழ் அடுக்கை இழுத்துப் பார்த்தால் அடித்தளத்தில் வட்டமாக ஒரு கம்பி ஓடியது. சொம்பைப் படுக்கவைத்தேன், அளவெடுத்த மாதிரி அந்தக் கம்பி மேல் உட்கார்ந்தது. சொம்புக்கு என்று தனியாக ஒரு ஸ்டாண்டு வைத்திருக்கிறானே அமெரிக்காக்காரன் என்று வியந்துபோனேன்.

இந்த இடத்தில் வித்யா சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். தலையை வேகமாக ஆட்டினாள். கண்ணை உருட்டினாள். கையால் காற்றில் எதையோ தேய்த்துக் காட்டினாள். அதைவிட அழகாக அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. 'நீ எதற்குச் சிரமப்படுகிறாய்' என்று உருகுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை என்று நானும் ஜாடை காட்டிவிட்டு, பால்கனிக்குக் கேட்கிற மாதிரி, "சார், லோட் பண்ணிட்டேன், வாங்க" என்று குரல் கொடுத்தேன்.

அவர் வந்தார். கதவைத் திறந்து பார்க்கப் போனவரை, "பிரீ-ரின்ஸ் எதுவும் பண்ணல சார், முன்னாடியே அலசறது தப்பு" என்று சொல்லி நிறுத்தினேன். அந்த மனிதரின் முகம் மலர்ந்ததே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. "இத்தனை வருஷத்துல இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார். அமெரிக்காவிலிருந்து உறவினர் யாரோ கொண்டுவந்த சோப்புத் தூளை விபூதி எடுக்கிற மாதிரி எடுத்து அதற்கான குழியில் போட்டார்.

அந்த மெஷினில் ஒரு பெரிய திருகு குமிழ் உண்டு. அதைச் சுற்றி எந்தெந்தச் சைக்கிள், அதாவது எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் கழுவல் என்று எழுதியிருந்ததாம். மாமி தினமும் மெஷினையும் சேர்த்துத் துடைத்துத் துடைத்து எழுத்தெல்லாம் போய்விட்டது. சாருக்குக் கை வைத்தால் தெரியும். டக் டக் என்று திருகிக்கொண்டே விளக்கினார். வழக்கமான தட்டுகளுக்கு ஒன்று. அண்டா குண்டாவுக்கு ஒன்று. கண்ணாடி டம்ளருக்கு மென்மையாக ஒன்று. வெறும் தண்ணீரில் அலசி அப்படியே நிறுத்திவைக்க ஒன்று. சாப்பிடுவதற்கு முன் தட்டைச் சூடுபண்ண மட்டும் ஒன்று. சென்னையில் அலமாரியில் இருக்கிற தட்டே சூடாகத்தானே இருக்கிறது என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. லாரி கிளம்புகிற சத்தம். ஹாலிலிருந்து கமலா மாமி ஓடி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் மெஷின் மேல் ஆளுக்கொரு கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மேஜை காலியாக இருப்பதைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு வித்யாவைப் பார்த்தார். வித்யா தரையைப் பார்த்தாள். மாமிக்கு ஆச்சரியத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, "நீங்க போய் உக்காருங்க மாமி, எல்லாம் ஆச்சு" என்றேன்.

எல்லாம் ஆகியிருந்தது என்பது உண்மைதான்.

சார் எனக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மெஷின் தண்ணீரை அளந்து பிடிக்காது, நேரத்தை வைத்துத்தான் பிடிக்கும். அங்கே குழாயில் வேகம் அதிகம். இங்கே தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் வேகமே கிடையாது. பாதித் தண்ணீர்தான் ஏறும். அங்கே வெந்நீர்க் குழாயில் மாட்டுவார்கள். இங்கே மாட்டியிருப்பது பச்சைத் தண்ணீர்க் குழாயில். மின்சாரத்தின் துடிப்பும் இங்கே குறைவு. டிரான்ஸ்ஃபார்மரால் அதை மாற்ற முடியாது. அதனால் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும், உள்ளே இருக்கும் கடிகாரமும் மெதுவாக ஓடும். அமெரிக்காவில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை மயிலாப்பூரில் அதற்கு மேல் இழுக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இத்தனை இருந்தும் ரிசல்டைப் பாருங்கோ" என்றார். தண்ணீரும் இல்லை, சூடும் இல்லை, வேகமும் இல்லை என்றால் எதை வைத்துக் கழுவுகிறது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் நான் படித்தது வேறு பிரிவு, அவர் இன்ஜினியர்.

முதல் அலசல் முடிந்து ஹோஸ் வழியாகத் தண்ணீர் சிங்கில் கொட்டியது. நல்ல மஞ்சள் நிறம். சார் குனிந்து பார்த்தார்.

"இதென்ன மஞ்சளா வரது?"

"சாம்பார் சார்" என்றேன்.

"எப்பவும் பளிங்கு மாதிரின்னா வரும்" என்றார். அவர் குரலில் சந்தேகம் இல்லை, வெறும் ஆச்சரியம். உள்ளே 'டொக்… டொக்…' என்று ஒரு சத்தம் கேட்டது. அதுவும் புதிது. (உள்ளே சுற்றுகிற கை சொம்பின் மேல் இடிக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது.) பிரஷர் நன்றாக வருகிறது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். இருந்தாலும் மஞ்சள் அவரை உறுத்தியது. ஒரு தடவை ஓடி முடித்ததும், அண்டா குண்டா சைக்கிளில் இன்னொரு தரம் ஓட்டிவிடுவோம் என்றார். அதில்தான் கடைசியில் காயவைக்கும் சூடு அதிகம்.

காபி வந்தது. ஹாலில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருக்க வேண்டும், ஆனால் அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் பேச முடியவில்லை. அம்மா மாமியைப் பார்த்துச் சிரிப்பார், மாமி சமையலறையைப் பார்ப்பார். நான் வித்யாவைப் பார்ப்பேன், அவள் மின்விசிறியைப் பார்ப்பாள். பதில் 'இல்லை' என்று முடிவாகிவிட்டது, எப்படிச் சொல்வது என்றுதான் தயங்குகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் வந்தது. என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. ரசத்தை மூன்று தரம் கேட்டது அதிகமோ என்று நினைத்தேன்.

மெஷின் இரண்டாவது தரம் ஓடும்போது ஒரு வாசனை வந்தது. பழைய ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கும்போது வருமே, அந்த வாசனை. அதோடு புளி கருகுகிற நெடி. ஹீட்டர் கம்பி வேலை செய்கிறது, அது அப்படித்தான் என்றார் சார். உறுதியாகச் சொல்லவில்லை. மெஷின் கடைசியாக ஒரு டக் போட்டு நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அவர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் கதவைத் திறந்தார்.

(நுரை பொங்கி ஹால் வரைக்கும் வந்தது என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். அந்த அளவுக்குக்கூட மெஷின் சோப்பைக் கலக்கவில்லை.) ஆவி விலகியதும் தெரிந்தது இதுதான். வெள்ளைத் தட்டு ஒன்றும் இல்லை. எல்லாம் மஞ்சள். என் தட்டில் இருந்த சாம்பார் எல்லோர் தட்டுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டு, அதன் மேல் உசிலி தூவப்பட்டு, சூட்டில் பொரிந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் பீச்சும் துளை ஒவ்வொன்றிலும் ஒரு கடுகு, நகை செய்கிறவர் பதித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மேல் அடுக்கில் ஒரு கறிவேப்பிலை, கதவில் ஒரு கறிவேப்பிலை. அந்த மெஷின் இந்தியா வந்த இத்தனை காலத்தில் கறிவேப்பிலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வரதராஜன் சார் ஒரு தட்டை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். "தினம் நன்னாத்தானே வரது" என்றார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. மெஷினைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

மாமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். கை ஈரமாகவே இல்லை.

"நான் தேய்ச்சு அலம்பிட்டுதான் உள்ள வெப்பேன்" என்றார்.

சாருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மாமி மெதுவாக விளக்கினார். முதல் நாள் ஒரு தடவை எச்சில் தட்டை அப்படியே வைத்துப் பார்த்தாராம். இதே கோலம்தான் வந்ததாம். நல்லவேளையாக அன்று சார் வெளியே போயிருந்தார். அதோடு எச்சில் பாத்திரத்தையும் சமைத்த பாத்திரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது மாமிக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் பின்பக்கத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, துடைத்து, உள்ளே அடுக்கிவிட்டு, "மெஷின் ரெடி" என்று குரல் கொடுப்பார். சார் வந்து திருகைத் திருப்புவார். மெஷின் சுத்தமான தட்டை மறுபடி சுத்தம் செய்து பளபளவென்று திருப்பிக் கொடுக்கும்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"கப்பல்ல போட்டு ஆசையாக் கொண்டுவந்தேள்" என்றார் மாமி.

நானோ, என் வியாதி முற்றிய நிலையில், சூழ்நிலையைக் கலகலப்பாக்குவதற்காகக் குனிந்து, "சொம்பாவது சுத்தமா ஆயிருக்கும் பாருங்க" என்று கீழ் அடுக்கை இழுத்தேன்.

ஸ்டாண்டு என்று நான் நினைத்தது சூடாகும் கம்பி. ஈயம் அதிகச் சூடு தாங்காது, அடுப்பில் வைத்தால்கூட உள்ளே ரசம் இருக்கும்வரைதான் உருகாமல் இருக்கும் என்பது மயிலாப்பூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியுமாம். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். சொம்பின் கழுத்து இருந்தது. கழுத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இட்லி மாதிரி உறைந்திருந்தது.

மாமி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரே மத்தியானத்தில் பெண்ணின் அப்பா பெருமைப்பட்ட ஒரே பொருளையும், பெண்ணின் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளையும் ஒழித்துக்கட்டிவிட்டேன். வித்யா எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று அந்த நிமிஷம் நிச்சயமாகத் தோன்றியது. ஓடிப்போய்விடலாம் என்றால் செருப்பு ஹாலைத் தாண்டி இருந்தது.

என் அம்மாதான் முதலில் நகர்ந்தார். காலையிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு புத்தகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர், புடவையை இடுப்பில் செருகியதும் சொந்த பாஷைக்கு வந்துவிட்டார்.

"எந்திரிங்கமா. ரெண்டு பேரா நின்னா சட்டுனு ஆயிடும். வூட்ல புளி கீதா?"

மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார். "கல்லுப்பும் எடுத்துண்டு வரேன்."

இரண்டு பேரும் தட்டுகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். வித்யா துடைக்கிற துணியோடு பின்னாலேயே போனாள். போகிற போக்கில் என்னிடம், "எவ்ளோ ஜாடை காட்டினேன்" என்றாள். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அப்பாவைத் தவிர உலகத்துக்கே தெரியும், அதனால் எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாளாம்.

சமையலறையில் நானும் வரதராஜன் சாரும் மெஷினும். அவர் டிரான்ஸ்ஃபார்மரை அணைத்தார். அது நின்ற பிறகுதான் வீடு அவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. கையில் இருந்த ஒரு கடுகை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதற்கு முதலில் கேட்பது என்று வரிசை தெரியாமல் நின்றேன்.

"எச்சில் தட்டை அப்படியே வெச்சேளே, அது கழுவிடும்னு நெஜமாவே நெனச்சேளா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நீங்க சொன்னதைத்தான் நம்பினேன்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். "இந்தாத்துல இதை நம்பினது நாம ரெண்டு பேர்தான், சேகர்" என்றார்.

மிஸ்டர் போய்விட்டது என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்த பிறகும், அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அவர் கோபமாக இருக்கிறாரா, சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒரு ஊசியை வைத்துக்கொண்டு, துளைகளில் இருந்த கடுகை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

பின்பக்கத்திலிருந்து தண்ணீர்ச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. அது மாமியுடையது என்று சார்தான் அடையாளம் சொன்னார், அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பெண்கள் திரும்பி வந்தபோது தட்டெல்லாம் வெள்ளையாக இருந்தது. மாமி கணவரைப் பார்த்து, "தையில மண்டபம் கிடைக்குமான்னு விஜாரிங்கோ" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார்.

எதற்கு மண்டபம் என்று சார் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு வருஷமாக நடந்த யோசனை, ஒரு பிடி புளி தீர்வதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அந்தக் குழாயடியில் நின்றுகொண்டு அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், பாத்திரம் தேய்த்தோம் என்பார். மாமியைக் கேட்டால், "உங்கம்மா நன்னா தேய்க்கறா" என்பார்.

கல்யாணத்துக்கு அம்மா வைத்த சீரில் ஒரு புது ஈயச் சொம்பு இருந்தது. மாமி அதில்தான் ரசம் வைக்கிறார். ஒவ்வொரு தடவை பரிமாறும்போதும் பழைய சொம்பு ரசம் இன்னும் ஒரு படி மேல் என்பார், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். கம்பியிலிருந்து பெயர்த்தெடுத்த அந்தப் பழைய சொம்பு இப்போது காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க ஹாலில் முட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். என் மகள்கூட இந்தக் கதையை முழுதாகச் சொல்வாள். டொக் டொக் சத்தம் உட்பட.

மெஷினை யாரும் தூக்கிப் போடவில்லை. இன்னமும் ஓடுகிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் வரதராஜன் சார் தானே எழுந்துபோய், எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவி, துடைத்து, மெஷினுக்குள் அடுக்கித் திருகைத் திருப்பினாராம். மெஷினில் ஒரு சைக்கிள் குறைந்தது, அதைத்தான் தான் சேர்த்திருப்பதாகச் சொன்னாராம். அன்றிலிருந்து தினமும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் பக்கத்தில் நின்று அலசிக் கொடுக்கிறேன்.

அவர் அமெரிக்காவிலிருந்து மெஷின் கொண்டுவந்த கதையை யாராவது ஆரம்பித்தால் மாமி திருத்துவார். "அது வந்தது அப்போ. எனக்கு மெஷின் வந்தது சேகர் வந்த அன்னிக்குத்தான்."

போன வாரமும் போயிருந்தோம். நானும் மாமனாரும் முழங்கை வரை சோப்போடு சிங்க் முன்னால் நின்றிருந்தோம். டிரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டிருந்தது. மாமி ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு, திரும்பாமலேயே, மெஷின் ஓடுகிறதா என்று கேட்டார்.

வித்யா எங்களை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டும் ஓடிண்டிருக்கும்மா."